நூற்றைம்பது கிராம்

அச்சகத்தில் அவருக்குப் பெயர் வெட்டுக்காரர். இருபத்தொன்பது வருஷம் கட்டிங் மெஷின் முன்னால் நின்ற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? பேச்சும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் இது எழுபது ஜிஎஸ்எம் கனம், இது அறுபது என்று சொல்லிவிடுவார். பந்தயம் கட்டி எடை போட்டுப் பார்த்தவர்கள் டீ வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம். கத்தி இறங்கி ஏறியபின் வெட்டிய தாள்கட்டைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமும் அவரிடம் கிடையாது. அவ்வளவு நம்பிக்கை, அவ்வளவு திமிர். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவருக்கு ஒரே மகன், இருபத்துநாலு வயது. கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, ஆனால் எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டாதவன். கையைக் காலைப் பிடித்து முதலாளியிடம் சொல்லி, அச்சகத்திலேயே தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது வாரம் அவன் இருநூறு காலண்டர் தாள்களைக் கோணலாக வெட்டிவிட்டான். புதிதாக வேலைக்கு வந்த எவனும் செய்கிற தப்புதான். இவரே அந்தக் காலத்தில் செய்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு மெஷின் ஓட்டுகிறவர்கள், பைண்டிங் பெண்கள், முதலாளி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவருக்கு மானம் போய்விட்டது.

"ஒரு தாளை நேரா வெட்டத் துப்பில்ல. உன்னைச் சுமக்கறதுக்குப் பதிலா இந்த மெஷினைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு நான் நடந்துருவேன்" என்றார்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். மலைக்கு நடந்து போகிற யாத்திரைக் கூட்டம் அன்றைக்கு அந்தத் தெருவைக் கடந்துகொண்டிருந்தது. வெறுங்கையோடு அவன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து நடந்ததை எதிர்க்கடை டெய்லர் பார்த்திருக்கிறார். கூட்டம் மலைக்குப் போய்விட்டுத் திரும்பியது, அவன் திரும்பவில்லை. வழியில் எங்கே பிரிந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீசில் கொடுத்த புகார் ஒரு வருஷமாகத் தூசி தின்றுகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் அதே யாத்திரைக்கு வெட்டுக்காரர் பெயர் கொடுத்தார். பதினைந்து நாள் நடை. அவருக்குப் பக்தி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது என்பது மனைவிக்குத் தெரியும். அவளும் எதற்கு என்று கேட்கவில்லை. முதலாளி இலவசமாக அடித்துக் கொடுத்த ஐநூறு நோட்டீஸ் கூடத்து மேஜையில் இருந்தது. மேலே 'காணவில்லை', நடுவில் மகனுடைய படம், கீழே வீட்டுப் போன் நம்பர்.

கூட்டத்தை நடத்துகிறவரை எல்லோரும் நடைக்காரர் என்பார்கள். பத்தொன்பது தடவை போய் வந்தவர். சட்டைப் பையில் பேனாவும், தோளில் ஒரு கொக்கித் தராசுமாகத்தான் எப்போதும் திரிவார். முதல் கூட்டத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"அவங்கவங்க பையை அவங்கவங்கதான் தூக்கணும். முதல் நாள் பை முதுகுல இருக்கும். அஞ்சாம் நாள் அது முட்டிக்கு இறங்கிரும். ஒரு ஆளுக்கு அஞ்சு கிலோ, அதுக்கு மேல ஒரு கிராம் ஏறினாலும் நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். போன தடவை ஒருத்தர் இஸ்திரிப் பெட்டி கொண்டு வந்தாரு. சாமி உங்க சட்டை மடிப்பையா பாக்கப் போறாருன்னு கேட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வெட்டுக்காரர் மட்டும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஐநூறு தாள், அறுபது ஜிஎஸ்எம். ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேலே போகிறது.

காகிதம் பார்க்கத்தான் லேசு. கட்டாகத் தூக்கினால்தான் அதன் சுயரூபம் தெரியும். அதற்கு இடம் விட்டு மற்றதையெல்லாம் அவர் குறைத்தார். மாற்றுத்துணி ஒரே ஒரு செட். துண்டைப் பாதியாகக் கிழித்தார். சோப்பை மூன்றாக அறுத்து ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை ஒடித்தார். மூக்குக் கண்ணாடியின் கூடு, டார்ச்சில் மாற்று பேட்டரி, பேனா, எல்லாம் வெளியே போயின. போனும் போயிற்று. அந்த நம்பர்தானே நோட்டீஸில் இருக்கிறது, அது மனைவியிடம்தான் இருந்தாக வேண்டும்.

"காம்பை ஒடிச்சு என்னங்க மிச்சமாகப் போகுது?" என்றாள் அவள்.

"நாலு கிராம். ஒரு நோட்டீஸ்."

அவள் ஒடிந்த காம்பை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அப்படியும் நடைக்காரர் தராசில் மாட்டியபோது நூற்றைம்பது கிராம் கூடுதலாகக் காட்டியது.

"போர்வையை எடுத்துடறேன் அண்ணே."

"ராத்திரி குளிர்ல விறைச்சுப் போயிடுவ. அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. நாப்பது தாளைக் குறை தம்பி. அம்புட்டுதானே?"

"எந்தத் தாளைக் குறைக்கட்டும்? அவனைப் பாத்த ஆளு கையில போய்ச் சேர வேண்டிய தாள் எதுன்னு சொல்லுங்க, அதை விட்டுட்டு மத்ததைக் குறைச்சுக்கறேன்."

நடைக்காரர் தராசிலிருந்து பையைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

வெட்டுக்காரருக்குத் தொழில் கைகொடுத்தது. நோட்டீஸின் தலைப்புக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் கிடந்தது. அதில் ஓர் அங்குலத்தை நறுக்கினால் எடை சரியாகிவிடும், தாள் ஒன்றுகூடக் குறையாது. சாயங்காலம் அச்சகத்துச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். விடுமுறை நாள், ஆள் இல்லை. விளக்கைப் போட்டு, கட்டைத் தட்டிச் சமப்படுத்தி, தலைப்பக்கம் தன்னைப் பார்த்திருக்கும்படி மெஷினில் வைத்தார். தன் பக்கம் இருக்கிற விளிம்பில்தான் கத்தி இறங்கும்.

மகன் கீழேயிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வருஷத்துக்கு முந்தைய படம், லேசாகச் சிரித்தபடி. முதலில் அமுக்குப் பலகை அந்த முகத்தின்மேல் இறங்கும், அதன்பின் கத்தி. இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் அவனை அந்தப் பேச்சுப் பேசினார். அவருக்குக் கை வரவில்லை. அச்சடித்த பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது வெட்டுகிறவனுக்கு முதல் பாடம். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதை மீறினார். கட்டை இரண்டு கையாலும் நெட்டுவாக்கில் புரட்டிக் குப்புறப் போட்டார். வெள்ளை முதுகு மேலே வந்தது. பலகை இறங்கியது, கத்தி இறங்கியது. ஓர் அங்குலத் துண்டுகள் குப்பைக் கூடையில் விழுந்தன. வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமல் கட்டைத் துணியில் சுற்றினார்.

மறுநாள் காலை தராசு சரியாக ஐந்து கிலோ காட்டியது. "தொழில்காரன்யா" என்று நடைக்காரர் முதுகில் தட்டினார்.

நடக்க ஆரம்பித்தார்கள். முதல் மூன்று நாள் கொப்புளம், அப்புறம் கொப்புளத்தின்மேல் கொப்புளம். கூட்டம் பாடிக்கொண்டே போகும், இவர் கடை கடையாக ஏறி இறங்குவார். கூட வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறோம் என்று கேட்டும் தரவில்லை. இது தன் வேலை என்றார். தாளைச் சுற்றிய துணிக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே ஒன்றை உருவி, முகம் உள்ளே போகும்படி மடித்து நீட்டுவார். "என் பையன். ஒரு வருஷமா காணோம். கடையில ஒட்டி வைங்க ஐயா." அவ்வளவுதான். அவர்கள் மடிப்பைப் பிரிக்கும் முன்னால் படி இறங்கிவிடுவார். நின்றால் கேட்பார்கள். எப்படிப் போனான், ஏன் போனான் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஓடினார், வேறொன்றும் இல்லை.

சாயங்காலம் தங்குகிற இடத்தில் நடைக்காரரின் போனை வாங்கி வீட்டுக்குப் பேசுவார்.

"போன் வந்துச்சா?"

"வரலைங்க."

ஐந்தாம் நாளும் அதே பேச்சுத்தான். ஒன்பதாம் நாள் அவள் சொன்னாள், "போன் ரிப்பேரோன்னு நினைச்சுப் பக்கத்து வீட்டுல இருந்து நம்ம நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன். ரிங் போகுது."

பத்தாம் நாள் அவள் கேட்டாள், "முந்நூறு கடைக்கு மேல குடுத்துட்டேன்னு சொல்றீங்க. உசிரோட இருந்தா ஒருத்தராவது பாத்திருக்க மாட்டாங்களா?"

இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இவருக்கும் அதே எண்ணம்தான், நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

பதினொன்றாம் நாள் ஒரு சைக்கிள் கடையில் கொடுத்துவிட்டு இறங்கினார். கடைக்காரர் பின்னாலிருந்து, "ஐயா, ஐயா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டார். வழியில் நாலைந்து பேர் இப்படிக் கூப்பிட்டதுண்டு. ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா மடித்த தாளை வாங்கிப் பிரித்ததும், கல்லாவுக்கு அடியிலிருந்து அதே மாதிரி இன்னொரு தாளை எடுத்தாள். அந்த ஊரில் அவர் ஏறிய முதல் கடை அது.

"இதைக் குடுத்தது நீங்கதானா? நேத்து ஒரு லாரி டிரைவர் டீ குடிக்க வந்தாரு. பின்னாடி ஊர்ல ஏதோ கடையில குடுத்தாங்களாம். இந்த முகத்தை எங்கயோ ஒரு குடோன்ல பாத்திருக்கேன், மூட்டை தூக்கிட்டு இருந்தான்னு சொன்னாரு. கூப்பிட்டுச் சொல்லலாம்னா நம்பரே இல்லையே, இந்த வழியா அந்த ஆளு நடந்து வந்தா சொல்லுங்கன்னு குடுத்துட்டுப் போனாரு."

"நம்பர் இல்லையா?"

"நீங்களே பாருங்க."

பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவர் அந்தத் தாளைப் பார்த்தார். மேலே தலைப்புக்கு மேல் அந்த இரண்டு விரல் வெற்றிடம் அப்படியே இருந்தது. நடுவில் மகன். அவனுக்குக் கீழே, 'இவரைக் கண்டால் தயவுசெய்து கீழ்க்கண்ட எண்ணுக்குத் தெரிவிக்கவும்.' அதோடு தாள் முடிந்துவிட்டது. விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

அவர் தாளைப் பெஞ்சில் வைத்தார், தலைப்பக்கம் தன்னைப் பார்த்து. இரண்டு கையாலும் நெட்டுவாக்கில் புரட்டினார். அடிப்பக்கம் தன் பக்கம் வந்து நின்றது. மறுபடி தலைப்பக்கம் தன்னைப் பார்க்க வைத்து இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். அப்படியேதான் வந்தது.

"எந்த ஊர்க் குடோன்னு சொன்னாரா அம்மா?"

"நான் கேக்கலையே ஐயா. புது ஆளு, இதுக்கு முன்னாடி நம்ம கடைக்கு வந்ததில்ல" என்றாள். அவள் முகம் வாடிவிட்டது. கேட்காமல் விட்டது தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டாள் போல, பாவம்.

நடைக்காரர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூணு நாள்தான் இருக்கு தம்பி. மலை ஏறி ஒரு கும்பிடு போட்டுட்டு, பஸ்ல திரும்பலாம்."

"பஸ் ஒவ்வொரு கடையிலயும் நிக்காது அண்ணே."

வெட்டுக்காரர் அவருடைய போனை வாங்கி வீட்டுக்குப் பேசினார். ஒன்றையும் மறைக்கவில்லை. லாரி டிரைவர் சொன்னது, கத்தி, கட்டு, புரட்டியது எல்லாவற்றையும் சொன்னார். "இருநூறு தாளுக்கு அவனை அந்தப் பேச்சுப் பேசினேன். ஐநூறையும் நான் கெடுத்துட்டேன்" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார், கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

அந்தப் பக்கம் அவள் கேட்டாள், "அப்ப போன் வராததுக்கு இதுதான் காரணமா?"

"இதுதான்."

"வேற எதுவும் இல்லையே?" என்றவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

நடைக்காரர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். வெட்டுக்காரர் மிச்சமிருந்த எழுபது தாளிலும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து நம்பரை எழுதினார். ஒன்றை டீக்கடையில் ஒட்டினார். கூட்டம் பாடிக்கொண்டே மலைப்பக்கம் போயிற்று. இவர் வந்த வழியே திரும்பி நடந்தார். பையில் பாரமே இல்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை சைக்கிள் கடைக்கு வந்து சேர்ந்தார். நோட்டீஸ் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது.

"அன்னிக்கே கூப்பிட்டேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கலை" என்றார் கடைக்காரர்.

"தப்புதான் ஐயா."

மகனுடைய படத்துக்குக் கீழே இடமில்லாததால், மேலே இருந்த அந்த இரண்டு விரல் வெற்றிடத்தில் ஒவ்வோர் இலக்கமாக எழுதினார். எழுதி முடித்ததும், "நான் சொல்றேன், நீங்க சரி பாருங்க" என்றார். அச்சகத்துப் பழக்கம். கடைக்காரர், "எதுக்கு, அடிச்சே பாத்துடலாம்" என்று தன் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார்.

முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். வெளியே கேட்கிற அளவுக்குச் சத்தமாக ஒரு குரல், "ஐயா, என் பிள்ளையைப் பாத்தீங்களா? எங்க இருக்கான்?"

கடைக்காரர் போனை இவரிடம் நீட்டினார்.

வெட்டுக்காரர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "நான்தான்" என்றார். "நம்பர் சரியா இருக்கான்னு பாத்தோம்."

"சரியாத்தான் இருக்குங்க" என்றாள் அவள்.