முதலில் புள்ளி

"வெளிச்சத்துப் பக்கம் கிறுகி நில்லுங்க, பிள்ளைகள். சூரியன் எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம், ரீச்சர்."

"என்ட ஊரில வாவிப் பக்கம். ஆருடையது சரி?"

கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் நாவற்குடாப் பள்ளிக்கூடத்துத் தரம் பதினொன்று காலை வெயிலில் விழிக்கிறது. உலகப் பண்பாட்டு வலயங்கள் என்ற பாடத்தைக் கேதீஸ்வரி ரீச்சர் முற்றத்தில்தான் தொடங்குவார். பிறகுதான் வகுப்பு, கரும்பலகை, தேசப்படம். எந்த வலயத்துக்கும் பெயர் எழுதுமுன் அந்தப் படத்தில் பிள்ளை தான் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். "முதல்ல புள்ளி. மறுகா பேர்." இதை அவர் சொல்லாத நாளில்லை.

வாவியின் மேற்குக் கரையிலுள்ள வவுணதீவிலிருந்து ஸ்கூட்டரில் பாலம் தாண்டி வருவார். இறங்கியதும் ஹெல்மெற்றைக் கவிழ்த்து அதற்குள் சோக்கட்டிகளைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு நடப்பார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே!

மீன்காரர் இப்றாஹிம் ஒருநாள் தெரியாத்தனமாக வாயைக் கொடுத்துவிட்டார். "மருமகன் மத்திய கிழக்குக்குப் போயிட்டான், ரீச்சர்."

"பிளேன் எந்தப் பக்கம் பறந்த?"

"மேற்கால."

"மறுகா எப்பிடிக் கிழக்குக்குப் போய்ச் சேந்தவர்?"

"உங்களோட ஏலா, ரீச்சர்" என்று இரண்டு மீனைக் கூடப் போட்டு அனுப்பிவைத்தார் மனிதர்.

இது விளையாட்டல்ல, பழைய கோபம். வாவிக்கு மேற்கே இருக்கும் ஊர்களுக்குப் படுவான்கரை என்று பெயர், சூரியன் படும் கரை. ஆனால் வவுணதீவில் பிறந்த பிள்ளை, விடிய எழும்பினால் வாவிக்கு மேலே சூரியன் ஏறுவதைத்தான் பார்க்கும். ரீச்சர் சிறுமியாகப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே, "படுவான்கரையாள் வந்திருக்கு" என்று முன்வாங்கில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு இன்னும் ஆறவில்லை. "அது அக்கரையில நிண்டவன் வைச்ச பேர்" என்பார். "மத்திய கிழக்கும் அப்பிடித்தான். லண்டனில நிண்டவன் வைச்ச பேர்."

"அப்ப நமக்கு லண்டன் தூர மேற்கு, ரீச்சர்" என்றாள் வகுப்பிலிருந்த ஷெரோன்.

"ஓம். அந்தப் பக்கத்தால வந்த போத்துக்கீசன் விட்டுட்டுப் போன சொல்லுதான் நீ ஏறி இரிக்கிற 'கதிரை'யும்."

வகுப்பு சிரித்தது. வினை தவணைச் சோதனையில் வந்தது. ஷெரோன் மத்திய கிழக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் மேற்கு ஆசியா என்று எழுதினாள். திருத்திய வேறொரு ஆசிரியர் சிவப்பால் வெட்டிவிட்டார். அவளுடைய அப்பா மேர்வின் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "சோதனையில புள்ளி குறைஞ்சு போயிற்றே, ரீச்சர். உங்கட கொள்கைக்கு என்ட பிள்ளையா கிடைச்சது?"

அது ரீச்சருக்குச் சுட்டது. சுடாதா பின்னே? அடுத்த நாளே வகுப்பில் சொல்லிவிட்டார்: "சோதனையில புத்தகத்தில உள்ளத எழுதுங்க. ஆனா ஆர் வைச்ச பேர் எண்டு தெரிஞ்சு எழுதுங்க."

பள்ளிக்கூட அதிபர் வினாயகமூர்த்திக்கு அதுவும் போதவில்லை. அவர் மண்டூர்க்காரர், அவரும் படுவான்கரைதான். பட்டணத்தில் வீடு கட்டியபிறகு அதை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. "புத்தகத்தில உள்ளதுதான் சரி எண்டு வகுப்பில வைச்சுச் சொல்லுங்க. நானும் வந்து நிப்பன். ஏலா எண்டா, இந்த வகுப்ப வேற ஆளுக்குக் குடுப்பன்."

அந்த வகுப்பென்றால் கேதீஸ்வரி ரீச்சருக்கு உயிர். ஆசிரியர் அறையில் எல்லாரும் புத்தி சொன்னார்கள். "'சரி' எண்டு ஒரு சொல்லுத்தானே, சொல்லிட்டு விடுங்கவன்." ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவர் இத்தனை வருடம் எரிந்துகொண்டிருக்கிறார்.

மறுநாள் அதிபர் வந்து வகுப்பு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரீச்சர் ஹெல்மெற்றிலிருந்து ஒரு சோக்கட்டியை எடுத்தார். கரும்பலகையில் வாவியை வரைந்தார், இலங்கையை வரைந்தார், கடல் தாண்டி அரேபியாவை வரைந்தார். அதன்மேல் 'மத்திய கிழக்கு' என்று பெரிதாக எழுதினார். ஷெரோன் தலையைக் குனிந்துகொண்டாள். அதிபரின் முகத்தில் ஒரு நிம்மதி.

ரீச்சர் வாசலுக்கு நடந்தார்.

"புத்தகத்தில உள்ளபடி எழுதிட்டன், சேர். நீங்க பிறந்த இடத்தில ஒரு புள்ளி வையுங்க. அந்தப் புள்ளியில நிண்டு பிள்ளைகள் பாத்துச் சொல்லட்டும், இந்தப் பேர் சரியா பிழையா எண்டு."

அதிபர் கட்டிய கையை எடுக்கவில்லை. ரீச்சர் சோக்கட்டியை நீட்டிய கையை மடக்கவுமில்லை.