எல்லாப் புத்தகத்திலும் ஒரு கரும்புள்ளி

தபாலட்டை அளவுள்ள மூன்று பிலிம் தாள்களுக்குள் ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது என்று நான் சொன்னபோது என் கணவர் மகளுக்குக் கஞ்சி ஊட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“புத்தகத்தைப் படமா புடிச்சிட்டாங்களா? யாரு ஹீரோ?”

“கணக்கியல் புத்தகங்க.”

“அப்ப சண்டைக் காட்சி இருக்காது. டிக்கெட் வேணாம் லா.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. ஈய விலை விழுந்த வருஷம் அது. பத்து காஜா ஊர்ப் பக்கம், குளத்தில் மிதந்து மண் தோண்டும் ஈயக்கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவர் வேலை பார்த்தார். பட்டறையை மூடிவிட்டார்கள். அதனால் அவர் வீட்டில் மகளைப் பார்த்துக்கொண்டார், நான் ஈப்போவில் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் பஸ் ஏறினேன். என் வேலை தற்காலிகம். வருஷக் கடைசியில் தலைமை நூலகர் எழுதும் நற்சான்றைப் பொறுத்து நிரந்தரமாகும், இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் வீட்டில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வயதுக் குழந்தைக்கு இரண்டு பேர் தேவையில்லை.

தலைமை நூலகரை எல்லோரும் ‘மிஸ்’ என்போம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா, அண்ணன்மார் எல்லாம் அரசாங்க உத்தியோகம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மேசையில் எதிரும் புதிருமாக இல்லாமல் நேராகக் கிடக்கும் மூன்று பென்சில்கள். என்னைப் போல ரப்பர் எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து படித்து வந்த பெண்ணுக்கு அவர் முன்னால் நின்றாலே காலையில் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம் வரும். வேறு சந்தேகங்களும் வரும். ஆனால் முதலில் வருவது அதுதான்.

எங்கள் கல்லூரி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடங்களை நடத்தியது. ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர்கள் வாசிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலை அங்கிருந்து அனுப்புவார்கள். அந்த வருஷம் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் பட்டியல்கள் எல்லாம் ஏறின. சங்கடம் என்னவென்றால், அதில் பல புத்தகங்கள் அச்சில் இல்லை. பிலிமாகத்தான் கிடைத்தன. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, புத்தகம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். மாணவர்கள் அலமாரி அலமாரியாகத் தேடிவிட்டு என்னிடம் வந்து கத்துவார்கள்.

“அக்கா, இருக்குன்னு போட்டிருக்கு, ஆனா இல்லையே!”

“இருக்கு தம்பி. ஆனா அலமாரியில இல்ல. அந்த இழுப்பறையில இருக்கு.”

“இதுவா புத்தகம்?”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதைப் படிக்க ஒரு பெட்டி உண்டு. கீழே விளக்கு, நடுவில் இரண்டு கண்ணாடித் தட்டு, மேலே டிவி போலத் திரை. தட்டுகளுக்கு இடையில் தாளை வைத்துத் தள்ளினால் பக்கம் பக்கமாகத் திரையில் பெரிதாகத் தெரியும். அந்தப் பெட்டியை வாங்குவதற்கு மிஸ் கல்லூரி முதல்வரோடு வெகுநாள் மல்லுக்கட்டினார். இந்தக் காசில் எத்தனை நாற்காலி வாங்கலாம் என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்களாம். பெட்டி வந்த பிறகு அதைக் காலையிலும் மாலையிலும் மிஸ்ஸே துணியால் துடைப்பார்.

“பிள்ளை, இஞ்ச வாரும்,” என்று ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “பட்டியல் முழுக்கப் பார்த்து, எது எது பிலிம் எண்டு கண்டுபிடிச்சுக் கம்ப்யூட்டரில குறிக்கவேணும். குறிச்சால் மட்டும் காணாது. ஒவ்வொரு பிலிமையும் பெட்டியில போட்டு, வாசிக்கக்கூடியதா இருக்கோ எண்டு பார்த்து எனக்கு அறிக்கை தரவேணும்.”

“சரி மிஸ்.”

“வடிவாப் பார்க்கவேணும், ஒண்டும் விடாமல்.”

“சரி மிஸ்.”

“உம்மட நற்சான்று எழுதேக்க இதைத்தான் நான் பார்ப்பன்.”

இதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அன்று பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரில் ஒருமுறை பார்த்தேன், சந்தேகம் வந்து இன்னொருமுறை பார்த்தேன், பிறகு தெர்மாமீட்டர் மேல் சந்தேகம் வந்து என் வாயில் வைத்துப் பார்த்தேன். கிளினிக்குக்குப் போய் லீவு எடுத்தேன். அன்று ஆயுத பூஜை. நூலகத்தின் பின்கட்டில் புத்தகம் தைக்கும் அண்ணன், தாள் வெட்டும் மிசினுக்கு மாலை போட்டுப் பூஜை வைப்பது வழக்கம். மலாய்க்காரச் சக ஊழியர்கள் கூட வந்து கடலை வாங்கிக்கொள்வார்கள். பின்கட்டோடு சரி, முன்கூடத்தில் சந்தனமும் புகையும் வரக்கூடாது என்பது மிஸ் போட்ட சட்டம். அந்த வருஷம் எனக்கு வைத்திருந்த கடலை மறுநாள்தான் கிடைத்தது, கொஞ்சம் ஊசிப்போயிருந்தது.

அதற்கடுத்த நாள் வேலையைத் தொடங்கினேன். பெட்டி இருந்த மூலையில் திரை தெரிவதற்காக விளக்கைப் போடுவதில்லை. விலையுயர்ந்த சாமான் என்பதால் நான் தாளைக் கைக்குட்டையால் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே செருகுவேன். முதல் புத்தகம் ஒழுங்காகப் போனது. தொண்ணூறாவது பக்கத்தை நெருங்கும்போது திரையில் ஒரு கரும்புள்ளி வந்தது. புள்ளி என்றா சொன்னேன்? அரைப் பக்கத்தை மூடிய வட்டம். அப்பத்தைக் கருக்கிவிட்டது மாதிரி.

குறித்துக்கொண்டேன். அதன் மற்றத் தாள்களிலும் அதே மூலையில் இருந்தது. இரண்டாவது புத்தகம். தொண்ணூறை நெருங்கும்போது அதே கரும்புள்ளி. மூன்றாவதிலும். கணக்கியல், பொருளாதாரம், கல்வி உளவியல், எல்லாவற்றிலும் அதே இடம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

“எல்லாம் ஒரே கடையில வாங்குனதா?”

“ஆமா. ஒரே கம்பெனி.”

“அப்பப் படம் புடிக்கிறவன் கட்டைவிரலு லா. புத்தகம் மூடிக்காம அமுத்திப் புடிச்சிருப்பான். தொண்ணூறு பக்கம் புடிச்சதும் கை வலிச்சு விரல் நழுவியிருக்கும்.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கோ குளிர் தேசத்தில் ஒரு மனிதன், நாள் முழுக்கப் புத்தகத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்ணூறாவது பக்கத்தில் களைத்துப்போகிறான். அவனுக்காக நான் கொஞ்சம் வருத்தமும் பட்டேன்.

அறிக்கையை எழுதினேன். எந்தெந்தப் புத்தகம் பிலிம், எந்தப் பாடத்துக்கு, எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்று எல்லாம் போட்டு, கடைசியில், ‘படம்பிடித்தவரின் கட்டைவிரலாக இருக்கக்கூடும்’ என்றும் சேர்த்தேன். அந்த வரியை அடித்தேன். அடித்தால் அசிங்கமாக இருந்ததால் முழுத் தாளையும் மறுபடி தட்டச்சு செய்தேன். செய்யும்போது அந்த வரியில்லாமல் அறிக்கை மொட்டையாகத் தெரிந்ததால் மறுபடி சேர்த்துவிட்டேன்.

மிஸ் வாசித்தார். மூன்று பென்சில்களில் ஒன்று கொஞ்சம் உருண்டது.

“எல்லாப் புத்தகத்திலயுமோ?”

“எல்லாத்துலயும் மிஸ்.”

“வடிவாப் பார்த்தனீரோ?”

“பார்த்தேன் மிஸ்.”

“கட்டைவிரல்!” என்று மிஸ் எழுந்து நின்றார். “நான் இவ்வளவு பாடுபட்டு வாங்குறன், இவை விரலை வச்சுப் படம் பிடிச்சு அனுப்பியிருக்கினமோ? இப்பவே அந்தக் கொம்பனிக்கு எழுதுறன். முதல்வர் கையெழுத்தோட போகட்டும். காசைத் திருப்பித் தரவேணும். நல்ல வேலை செய்தீர் பிள்ளை.”

அந்த ‘நல்ல வேலை’யோடு நான் நிறுத்தியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் கான்டீனுக்குப் போய் ஒரு தே தாரேக் குடித்திருப்பார்கள். எனக்கோ ‘வடிவாப் பார்த்தனீரோ’ காதிலேயே நின்றது. பார்த்தேனா? பார்த்தேன். வடிவாகப் பார்த்தேனா? மிஸ்ஸின் அறையில் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதே போய்ப் பெட்டியின் விளக்கைப் போட்டேன். எந்தப் பிலிமை முதலில் வைப்பது என்று யோசித்துக்கொண்டே, வெறும் தட்டைத் தள்ளினேன்.

வெறும் திரையில் கரும்புள்ளி வந்து நின்றது.

தரையில் முழங்கால் போட்டுக் குனிந்து, கீழ்க்கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். உட்புற ஓரத்தில், சட்டத்தின் நிழலில், காய்ந்துபோன சந்தனம். அதன் நடுவில் ஒரு துளிக் குங்குமம். என் அப்பா பால்வெட்டும் கத்திக்கு வைப்பாரே, அதே மாதிரி அழகான பொட்டு. விளக்கு கீழிருந்து அடிக்கும்போது சந்தனம் என்ன, குங்குமம் என்ன, எல்லாம் கறுப்புத்தான்.

பின்கட்டுக்கு ஓடினேன்.

“அண்ணே! பிலிம் பெட்டிக்குப் பொட்டு வச்சீங்களா?”

அண்ணன் பசைத் தூரிகையோடு நிமிர்ந்தார். “நானா? அந்த டிவி பொட்டிக்கா?”

“கண்ணாடிக்கு அடியில வச்சிருக்குண்ணே. சந்தனம்!”

“ஐயோ தங்கச்சி, நான் வைக்கணும்னுதான் கேட்டேன். புது மிசினாச்சேன்னு. மிஸ்ஸு என்னைய வெரட்டி வுட்டுச்சி. ‘அது தொடுற சாமான் இல்ல, போம்’னு. நான் வெட்டு மிசினு, தையல் ஊசி, என் மோட்டார் சைக்கிளு, அம்புட்டுதான். ஏன், என்னா சூசா, எதுனா பிரச்சினையா?”

“லண்டன்ல ஒரு கம்பெனிக்கு லெட்டர் போகுதுண்ணே, கட்டைவிரல்னு!”

“யாரு கட்டைவிரலு?”

அதற்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. அண்ணன் இல்லையென்றால் யார்? நானே வைத்துவிட்டு மறந்துவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பூஜையன்று நான் கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்தேன் என்பது ஞாபகம் வந்து சற்று ஆறுதலாக இருந்தது.

கடிதம் முதல்வர் அறைக்குப் போய்விட்டால் வேறு நாட்டில் யாரோ அதைத் திறந்து பார்ப்பார்கள். கண்ணாடியைத் துடையுங்கள் என்று ஒரு வரி பதில் வரும். நாற்காலி கேட்டவர்கள் எல்லாம் மிஸ்ஸைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் எனக்கு நற்சான்று என்ன, சான்றே இருக்காது. பேசாமல் பொட்டைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் கடிதம் போய்விடுமே. போய்ச் சொன்னால் பார்க்கத் தெரியாதவள் என்று ஆகிவிடும். மிஸ்ஸின் அறைக் கதவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நியாயமாக யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு தானே திறந்தது. கையில் கடிதத்தோடு மிஸ்.

“என்ன பிள்ளை, முகம் வெளுத்திருக்கு? குழந்தைக்கோ?”

“இல்ல மிஸ். கடிதம் அனுப்பாதீங்க மிஸ். கட்டைவிரல் இல்ல. பிலிம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. புள்ளி கண்ணாடியில இருக்கு. அடியில. நான்தான் வடிவாப் பார்க்கல.”

“கண்ணாடியில என்ன?”

“பொட்டு, மிஸ்.”

“என்ன பொட்டு?”

“சந்தனப் பொட்டு மிஸ். அண்ணனக் கேட்டேன், அவரு வைக்கலயாம். யாரு வச்சான்னு தெரியல. விசாரிக்கிறேன் மிஸ்.”

மிஸ் என்னைத் தாண்டிக் கூடத்தைப் பார்த்தார். கையிலிருந்த கடிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். பிறகு என்னை உள்ளே வரச்சொல்லிக் கதவைச் சாத்தினார். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கணவரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட முதல் வாக்கியம் தயார் செய்துவிட்டேன்.

“விசாரிக்கத் தேவையில்லை,” என்றார் மிஸ், பென்சில்களைப் பார்த்துக்கொண்டு.

“சரி மிஸ்.”

“மேல வச்சால் ஆக்கள் பார்ப்பினம் எண்டு…” என்று தொடங்கி நிறுத்தினார். காது நுனி சிவந்திருந்தது. “எவ்வளவு பேரோட சண்டை பிடிச்சு வாங்கின சாமான். ஒரு பொட்டு இல்லாமல் எப்பிடி விடுறது? நான்தான் கண்ணாடிக்கு அடியில வச்சனான். அதுக்குள்ளால வெளிச்சம் வரும் எண்டு ஆர் கண்டது?”

என்ன சொன்னாலும் தப்பாகப் போகும். கடைசியில், “அழகா வச்சிருந்தீங்க மிஸ்,” என்று சொல்லித் தொலைத்தேன்.

மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதலில் மூக்குக்கண்ணாடி குலுங்கியது, பிறகு தோள் குலுங்கியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, “கட்டைவிரல்!” என்றார். எனக்கும் அடக்க முடியவில்லை. வெளியே யாருக்காவது கேட்டிருந்தால் உள்ளே யாரோ அழுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அதே கைக்குட்டையை நனைத்து அவரே பொட்டைத் துடைத்தார். நான் டார்ச் பிடித்தேன். துடைக்கும் முன் இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்க்காதது போல இருந்தேன். எல்லாப் பிலிமையும் மறுபடி பெட்டியில் போட்டுப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் நேரே குறித்து, புது அறிக்கை தந்தேன். தொண்ணூறை ஒட்டிய பக்கங்களில் அப்படி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, படித்துப் பார்த்தேன்.

வருஷக் கடைசியில் நற்சான்று வந்தது. ‘கண்டதை அறிக்கையிடுவார். சந்தேகம் வந்தால் மறுபடியும் பார்ப்பார்’ என்று மிஸ் எழுதியிருந்தார். அது பாராட்டா என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். கணவரிடம் காட்டினேன்.

“நிரந்தரம்னு கீழ போட்டிருக்கு பாரு,” என்றார் அவர். “மேல உள்ளத ஏன் படிக்கிற?”

அடுத்த ஆயுத பூஜைக்குள் அவருக்குக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. மகள் எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம் இருந்தாள். பூஜையன்று மிஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு சின்னக் கிண்ணம், குழைத்த சந்தனம்.

“எங்க வைக்கலாம் பிள்ளை?”

“பின்பக்கம் மிஸ். கம்பி போற இடத்துக்கு மேல. அங்க வெளிச்சம் வராது.”

கூடம் காலியாகும்வரை காத்திருந்து போய் வைத்தோம். மிஸ் போன பிறகு ஒரு பிலிமைப் போட்டு, தொண்ணூறாவது பக்கம்வரை தள்ளிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பஸ்ஸுக்குப் பாதி வழி நடந்துவிட்டு, திரும்பி வந்து இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன்.