கல்யாண வீட்டில் வாங்கிய ஏச்சு

சிறுபிள்ளைகளின் கிளினிக்கில் தாதியாக இருந்த பிலோமினா மிஸ்ஸி இறந்துபோய்விட்டார் என்று அவர் தங்கை தொலைபேசியில் சொன்னபோது, நான் மகளுக்குக் காலை இன்சுலினை ஊசியில் இழுத்துக்கொண்டிருந்தேன். அளவு தப்பிவிட்டது. மறுபடி இழுத்தேன். ஊசி போட்டு, அவளைச் சாப்பிட வைத்த பிறகுதான் அழ முடிந்தது.

மிஸ்ஸியிடம் ஏச்சு வாங்காத தாய் அந்தக் கிளினிக்கில் யாருமில்லை. எனக்கு முதல் ஏச்சு கலகெதரவில் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. மகள் நிரோஷாவுக்கு அப்போது நாலு வயது. பெண்பிள்ளைக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்ற பயத்தில், ஹந்தானைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில்கூட நாங்கள் மூச்சு விடவில்லை. அன்றும் மண்டபத்துக் கழிப்பறைக்குள் ஒளிந்துதான் ஊசி போட்டேன். ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் சீனி இறங்கி மயக்கம் வரும்; அரை மணி நேரத்தில் பந்தி என்று நம்பினேன். மாப்பிள்ளை வீட்டார் பிந்தினார்கள். தாலி ஏறாமல் இலை போடமாட்டார்கள். பிள்ளைக்கு வேர்த்துக் கண் சொருகியது. சமையற்கட்டில் ஒரு பிடி சோறு கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்று மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தேன். அந்தப் பாவத்தை நான்தான் செய்தேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா, "புள்ளைக்கு என்னா?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க, வெக்கை."

அவர் பிள்ளையின் சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி குத்திய தடங்களைப் பார்த்தார். "நான் ஆஸ்பத்திரி மிஸ்ஸி. எங்கிட்ட பொய் சொல்லாத. எப்ப ஊசி போட்ட?" பிறகு மண்டபமே கேட்கும்படி, "இந்தப் புள்ளைக்கு சீனி வருத்தம். சீனி கரைச்சுக் கொண்டாங்க, சுருக்கா" என்றார். கன்னத்தைத் தட்டித் தட்டி, மடக்கு மடக்காக விழுங்க வைத்தார்.

நிரோஷா கண் திறந்து "பசிக்குதும்மா" என்றபோதும், என் மானத்தை வாங்கிவிட்டாரே என்றுதான் கொதித்தேன். இனி இவளை யார் கட்டுவார்கள் என்று நான் முணுமுணுக்க, மிஸ்ஸி சொன்னார்: "பொண்ணு கேட்டு வர்றப்ப புள்ள உசுரோட இருக்கணும்ல."

அதன்பின் பயந்த போதெல்லாம் அவரைத்தான் கூப்பிட்டேன்.

நாவலப்பிட்டியில் அவரது செத்த வீட்டில், பெட்டி எடுக்குமுன் நிரோஷாவின் பகல் ஊசிக்கு நேரமாகிவிட்டது. எல்லோர் முன்னிலும் போட்டேன். நேரம் பார்த்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"பெட்டி எடுக்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?" என்றார் ஒருவர்.

"மகளுக்கு சீனி வருத்தம். பொறுக்க ஏலாது" என்றேன். வீடே திரும்பிப் பார்த்தது.

மிஸ்ஸி, இனிப் பயந்தால் கூப்பிட எனக்கு ஆளில்லை. உங்கள் பெரிய குரலை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.