தக்காளிப் பாத்திக்கு ஒரு பெர்மிற்

எங்கள் பின்வளவுக்கும் நகரசபைப் பார்க்குக்கும் இடையில் ஒரேயொரு வேலி. மொன்றியல் வெஸ்ட் ஐலண்டில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வேலியை மூன்று தடவை திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு அடி, ஒன்றரை அடி என்று பார்க் பக்கமாக அரக்கி நட்டேன். யாழ்ப்பாணத்தானுக்கு வேலி திருத்துவதென்றால் வேலியை அரக்குவதுதான். வேறு விதமாகத் திருத்த எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஊரில் என்றால் பக்கத்து வளவுக்காரன் கத்தியோடு வருவான். இங்கே பக்கத்து வளவுக்காரன் அரசாங்கம், அதற்கு இந்த ஒரு அடியா கண்ணில் படப்போகிறது என்று நினைத்தேன். மனைவி மட்டும், "உது கண்டறியாத வேலை, பேந்து அனுபவிப்பியள்" என்றாள். அரக்கிய நிலத்தில் தக்காளி போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அரசாங்க மண்ணில் தக்காளி குலைகுலையாகக் காய்த்தது. அயலுக்கும் கோயிலுக்கும் அள்ளிக் கொடுத்து நல்ல பெயரும் எடுத்தேன்.

போன கோடையில் தமிழர் வீடுகளாகப் பார்த்துக் கள்ளர் புகுந்தார்கள். எங்கள் ஆட்கள் நகையை எங்கே ஒளிப்பார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அரிசி வாளி, சாமிப்படத்துக்குப் பின்பக்கம், பிரீசரில் மீன் பைக்கு அடியில். மனைவியின் தாலிக்கொடி அலுமாரியில் இருந்தது. எங்கள் பெண்கள் பலரைப்போல அவளும் மெல்லிய சங்கிலி ஒன்றோடுதான் வேலைக்குப் போய்வருவாள். மொத்தக் கொடி கலியாணத்துக்கும் தேருக்கும் மட்டும். அதை என் கையில் தந்து, வங்கியில் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கும் லொக்கரில் வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

போனேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். நிற்கிறவனுக்கு யோசனை வராமல் இருக்குமா? ஊரில் சண்டைக்கு இடம்பெயர்ந்த காலத்தில் என்னைப் பெற்ற ஐயா வீட்டுக் கோடிக்குள் தாட்டுவிட்டு வந்த நகை, எட்டு மாதம் கழித்துப் போய்க் கிண்டியபோது அப்படியே கிடந்தது. அந்த ஊரில் ஒரு வங்கிகூட அப்படியே கிடக்கவில்லை. வரிசையை விட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி குளித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, கொடியை ஒரு தேயிலை ரின்னில் போட்டுத் தக்காளிப் பாத்தியில் தாட்டேன். வேலியிலிருந்து மூன்று அடி, ஆழம் ஒரு முழம். அளவை மனதில் எழுதி வைத்தேன். பிறகு அவளிடம் லொக்கரில் வைத்தாயிற்று என்று சொன்னேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு "ஓம்" என்றாள்.

மாரி முழுக்க எத்தனையோ கொண்டாட்டம் வந்தது. அவள் ஒரு தடவைகூடக் கொடியைக் கேட்கவில்லை. வெளியே நிலம் கல்லாய் உறைந்து கிடந்த அந்த மாதங்களில் அவள் கேட்டிருந்தால் என் கதை முடிந்திருக்கும். இப்படித் தங்கமான மனுசி ஒருத்தருக்கும் வாய்க்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பனி கரைந்ததும் நகரசபையிலிருந்து பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான். ஆனாலும் கடிதத்தோடு இருந்த வரைபடத்தில் என் தக்காளிப் பாத்திக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தது, அதற்கு ஒரு பாஷையும் தேவையில்லை. கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளை மேய்க்கிற மனைவி பிரெஞ்சு தண்ணீர்ப்பாடமாக வாசிப்பாள். அவள் கண்ணில் படாமல் கடிதத்தை மேசை லாச்சிக்குள் தள்ளினேன். வைகாசியில் சொந்தத்தில் ஓர் அந்தியேட்டிச் சடங்குக்கு ரொறன்ரோ போய் ஐந்து நாளால் திரும்பி வந்தால், வேலி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பாத்தி இருந்த இடத்தில் புதுப் புல்லுப் பாய் விரித்து, யாரோ ஒரு நாயை அதில் ஓடவிட்டிருந்தார்கள்.

வேலியிலிருந்து மூன்று அடி. எந்த வேலியிலிருந்து? மகளின் கலியாணம் புரட்டாதிக்கு முன் வைத்திருந்தது. அன்றைக்குத் தாயின் கழுத்தில் கொடி இருக்கவேண்டும்.

மண்வெட்டியோடு போய் ஒரு தடவை நின்று பார்த்தேன். நாய் நடத்த வந்த ஒரு பெண் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். திரும்பி வந்துவிட்டேன். மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு விடும் கடைக்காரன், பார்க்கில் அதைக் கொண்டு திரிவதென்றால் முதலில் அனுமதி எடு, இல்லாவிட்டால் தண்டம் என்றான். சட்டத்துக்குப் பயந்தவன் நான். வேலி விஷயத்தைத் தவிர.

படிவம் நிரப்ப மகளைத்தான் பிடிக்கவேண்டியிருந்தது. ஆராய்ச்சியா, கல்வியா, தொலைந்த பொருளா என்று கேட்டிருந்தது. தொலைந்த பொருள் என்றேன்.

"எப்பிடித் தொலைஞ்சது எண்டு கேக்கிறாங்கள் அப்பா. என்னெண்டு எழுத?"

சொன்னேன். மகள் முதலில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, கலியாணம் முடியும்வரை தெரியவும் கூடாது என்று கெஞ்சினேன். பெற்ற பிள்ளையிடம் அப்படிக் கெஞ்சியது எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில், விளையாடும்போது கழன்று விழுந்தது என்றும், ஒரு ரின்னுக்குள், ஒரு முழ ஆழத்தில் கிடக்கிறது என்றும் எழுத வைத்தேன்.

படிவம் போய் இரண்டு கிழமையில் ஒரு பெண் அதிகாரி போன் எடுத்தார். மிக மரியாதையானவர், அதுதான் பெரிய தலையிடி. விளையாடும்போது கழன்று விழுந்த பொருள் எப்படி ஒரு முழ ஆழத்துக்குப் போனது என்று கேட்டார். மழைக்குத் தாண்டிருக்கும் என்றேன். ரின்னோடு சேர்ந்து தாண்டதா என்று கேட்டார். பேசாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலியை அரக்கியதும் சேர்த்து, மூன்று தடவையும். அவர் ஒவ்வொன்றாக எழுதி, நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு என் தக்காளிப் பாத்தி ஒரு சரித்திர இடமாகிவிட்டது. அந்த மண்ணில் பூர்வகுடிகளின் தடயம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். கோப்பு ஒரு மேசைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு மேசைக்குப் போனது. தொல்பொருள் படித்த ஓர் இளைஞர் வந்து புல்லின் மேல் குந்தியிருந்து, இந்த நிலம் முன்பு எதற்குப் பயன்பட்டது என்று கேட்டார். தக்காளி, கொஞ்சம் பச்சைமிளகாய் என்றேன். அவர் அதையும் எழுதினார். நான் ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வீட்டில் மனைவி கலியாணச் சேலைகளுக்குச் சட்டை தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்க அனுமதி வந்தது. ஒன்பது நிபந்தனை. இரண்டு மணித்தியாலம், ஒரு பார்க் ஊழியரின் முன்னிலையில். கண்டெடுக்கும் எதையும் ஊழியர்தான் திறக்கவேண்டும். கடைசி நிபந்தனையை மகள் மெதுவாக வாசித்தாள். அயலவர் அறிய, பார்க் வாசலில் ஏழு நாள் முன்கூட்டியே அறிவித்தல் ஒட்டப்படும்.

அந்த வாசலால்தான் மனைவி ஒவ்வொரு பின்னேரமும் நடக்கப் போவாள், கோயில் சிநேகிதிகள் நான்கு பேரோடு. ஓடிப் போய்ப் பார்த்தேன். ஏற்கனவே ஒட்டியிருந்தது. "விண்ணப்பதாரரின் முன்னைநாள் தோட்டம், புதைக்கப்பட்ட குடும்ப நகை" என்று இருந்ததாக மகள் பிறகு சொன்னாள். அன்று பின்னேரம் மனைவி நடந்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி, புட்டு அவித்தாள். நான் புட்டைத் தள்ளி வைத்தேன். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். ஏழு நாளும் என் வயிறு சரியில்லை.

எட்டாம் நாள் காலையில் ஊழியர் வந்தார். வாடகை டிடெக்டரோடு புல்லின்மேல் நடந்தேன். முதலில் ஒரு போத்தல் மூடி, பிறகு என் பழைய வேலியின் ஆணிகள் ஒரு கை நிறைய. ஒவ்வொரு ஆணிக்கும் ஊழியர் ஓர் இலக்கம் போட்டார். ஒரு மணித்தியாலம் கழித்துப் பெரிய சத்தம் கேட்டது. கிண்டினோம். தேயிலை ரின். என் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் மனைவி இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றாள்.

ஊழியர் மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு கூழாங்கல்.

யாரோ எடுத்துவிட்டார்கள், அவளின் தாலிக்கொடியைத் தொலைத்துவிட்டேன் என்று புல்லிலேயே இருந்துவிட்டேன். அவள் ஒரு கோப்பையை ஊழியரிடம் கொடுத்துவிட்டு மற்றதை என் கையில் வைத்தாள்.

"லொக்கரிலை வைச்சிட்டன் எண்டுதானே சொன்னனீங்கள். லொக்கரிலைதான் கிடக்குது."

அந்த நாளே குளியலறை யன்னலால் பார்த்திருக்கிறாள். அடுத்த நாள் நான் கடைக்குப் போன நேரம் கிண்டி எடுத்து, தானே வங்கி வரிசையில் நின்று வைத்திருக்கிறாள். கல் எதற்கு என்று கேட்டேன்.

"எப்பவாவது தோண்டித் தூக்கிப் பாத்தியளெண்டா பாரம் இருக்கவேணுமல்லே. நீங்கள் நெஞ்சுவருத்தக்காரன்."

சொல்லியிருக்கலாமே என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது, வெட்கமில்லாமல்.

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்," என்றாள். "ஒபிஸ்காரிக்குச் சொன்னியள். மகளுக்குச் சொன்னியள். ஊருக்கு நோட்டீஸ் ஒட்டிச் சொன்னியள்." வெறுங்கோப்பைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஊழியர் ரின்னையும் கற்களையும் படிவத்தில் பதிந்து, உரிமையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்தை வாங்கினார்.

கலியாணம் டொலார்ட் முருகன் கோயிலில் நடந்தது. மனைவி கொடியோடு வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றாள். நான் பக்கத்தில் நின்றேன். பியர்பொன்ட்ஸிலிருந்து வந்த ஒரு சிநேகிதி கொடியைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு கள்ளருக்குள்ளும் இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். மனைவியோடு நடக்கப் போய்ப் பார்க் வாசல் அறிவித்தலை நின்று வாசித்த நாலு பேரில் ஒருத்தி அவளுக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"லொக்கரிலைதான்," என்றாள் மனைவி. "இவர்தான் கொண்டுபோய் வைச்சவர்."

சிநேகிதி என்னைப் பார்த்தாள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.