கிணற்றடித் தோழி

நர்ஸ் வேலை கிடைத்து லீலாபாய் போய்ச் சேர்ந்தது லட்சத்தீவில் ஒரு சின்னத் தீவு. தண்ணீருக்குக் குறைவில்லாத பாறசாலையில் பிறந்தவளுக்கு, குடிதண்ணீரை அளந்து செலவழிப்பது புதிது. அங்கே மண்ணுக்கடியில், உப்புநீரின் மேல் மழைநீர் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். நிதானமாக மொண்டால் இனிக்கும். அவசரப்பட்டு இறைத்தால் அடியிலிருக்கும் கடல் மேலே ஏறிவிடும். அதனால் கிணற்றில் மோட்டார் கிடையாது, கயிற்றுவாளிதான்.

அந்தக் கிணறு அவளுக்கும் பக்கத்து வீட்டு ரஹ்மத்பிக்கும் பொது. கொஞ்சம் மொண்டுவிட்டு, ஊறும்வரை இருவரும் காத்திருப்பார்கள். பேச்செல்லாம் அப்போதுதான். தனக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனதைக்கூட லீலாபாய் அங்கேதான் வாய்விட்டுச் சொல்லி அழுதாள்.

ஒரு வருடம் மழை தள்ளிப்போயிற்று. கிணறு கரித்தது. ஆஸ்பத்திரித் தொட்டியும் வறண்டு கிடந்த நேரத்தில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தது. லீலாபாய் ரஹ்மத்பி வீட்டுக்கு ஓடினாள். அங்கே மழைத்தொட்டியில் மிச்சமிருந்தது, மகளின் நிக்காஹ் விருந்துக்கென்று மூடிவைத்த தண்ணீர்.

ரஹ்மத்பி மூடியைத் தள்ளினாள். "எடுத்தோ சிஸ்டரே. பிரியாணி பின்னே வைக்காம். குஞ்ஞு காத்து நிக்குமோ?"

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நிக்காஹ் மழைக்குக் காத்திருந்தது. அது நடந்த அன்று வானம் கொட்டியதில், விருந்தாளிகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கூரையடியில் பாத்திரம் வைக்க ஓடினார்கள்.

ஓய்வுபெற்ற லீலாபாய் இப்போது ஊர்ப்பக்கம் திரும்பி, தங்கை மகள் ஷீஜாவோடு ஆரியசாலையில் இருக்கிறாள். போன மாதம் கண் ஆபரேஷனுக்காக ரஹ்மத்பி தனியாகக் கப்பலேறி வந்து, அவர்கள் வீட்டில் தங்கினாள்.

"இப்போ அவிடெ குடிவெள்ளத்துக்கு பஞ்சமில்லா சிஸ்டரே. கடல்வெள்ளத்தை நல்லதாக்குற பிளான்ட் வந்நு. வீட்டுக்கு வீடு பைப்பு."

"நல்லதல்லே?"

"நல்லதுதான். பஷே, கிணத்தடிக்கு இப்போ ஆரும் வரதில்லா. அடுத்த வீட்டு மருமோள் முகம்கூட எனக்கு நிச்சயமில்லா."

 லீலாபாய் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கப்பல் பிடிக்கக் கொச்சிக்குப் போகும் ரயிலில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் லீலாபாய் ஷீஜாவிடம் கேட்டாள்: "மக்ளே, தீவுக்குப் போவ பெர்மிட் எப்பிடி எடுக்கது?"

"இந்த வயசிலயா பெரியம்மே?"

"அவ தனியா இங்க வரல்லியா? நான் போனா என்ன?"

ஷீஜா சிரித்துக்கொண்டே போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள்.