ஆர்லீன் மாற்றாத நம்பர்

ஆர்லீன் ஹுடாக்கின் போன் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை. இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் பொரித்து விற்போம். நான் மாவில் புரட்டிக் கொடுப்பேன், அவள் எண்ணெயில் போடுவாள். மேசைமேல் போன் உர்ர் உர்ரென்று அதிர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிடும். முழங்கையால் உள்ளே தள்ளுவாள். மறுபடி உர்ர்.

எல்லாம் ஒரு நல்ல காரியத்தால் வந்த வினை. பள்ளிப் பேருந்தை நிறுத்த விடமாட்டேன் என்று முழங்கிய ஒரு வேட்பாளருக்கு ஒருமுறை தேர்தல் செலவுக்கென்று போன் வழியாகப் பதினைந்து டாலர் அனுப்பினாள். அந்த ஆள் தோற்றான், பேருந்தும் நின்றது. அவள் நம்பர் மட்டும் கைமாறிக் கைமாறி, அவள் கண்ணால் காணாத மாநிலத்து வேட்பாளர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அத்தனை பேரும் பணம் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். "ஆர்லீன், எங்களைக் கைவிட்டுவிட்டீர்களா?" "ஆர்லீன், அழுதுகொண்டே எழுதுகிறேன்." "இதுவே கடைசி வாய்ப்பு." விடிந்தால் இன்னொரு கடைசி வாய்ப்பு. வெட்கங்கெட்ட ஜென்மங்கள். வேண்டாமென்றால் "நிறுத்து" என்று பதில் போடச் சொல்வார்கள். போட்டால், இங்கே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வேறு நம்பரிலிருந்து வருவார்கள். அது தெரிந்தும் அவள் போடுவாள். எதையாவது செய்யாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

நம்பரை மாற்றித் தொலை என்று அவளிடம் சொல்லாதவர்கள் இல்லை. மாற்றமாட்டாள். அவள் மகன் டேரில் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான், ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான்.

"அவன் கூப்பிடற அன்னைக்கு வேற எவளாச்சும் போனை எடுத்தா என்னடி பண்றது?" என்பாள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் வாசலைத் தாண்டி வரிசை நின்றது. போன் ஓயவில்லை. ஆர்லீன் கையைத் துடைத்தும் துடைக்காமலும், வந்த எல்லாவற்றுக்கும் "நிறுத்து" போட்டுக்கொண்டே போனாள். அதில் ஒன்றை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினாள். "நான்தான். புது நம்பர். கெஞ்சிக் கேக்கறேன், இன்னைக்கே பதில் போடு."

"நல்லாவே கெஞ்சறான்," என்று சிரித்துவிட்டு, அதற்கும் போட்டாள்.

வழக்கமாக, உங்கள் பெயரை நீக்கிவிட்டோம், நன்றி என்று உடனே வந்துவிடும். இதற்கு வரவில்லை. அடுத்த தட்டு மீனை அவள் எண்ணெயில் போட்ட பிறகுதான் வந்தது.

"சரிம்மா."

படித்துவிட்டு அப்படியே நின்றாள். மீன் கருகியது. நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அந்த நம்பருக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தது. "உன்னை இல்லடா, உன்னை இல்லடா" என்று எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தாள். வெளியே ஜனம் மீன் எங்கே என்று கேட்டது. மறுநாளும் அடித்தாள். சில நாளில், அப்படி ஒரு நம்பரே இல்லை என்று வந்தது.

இப்போது அவள் யாருக்கும் "நிறுத்து" போடுவதில்லை. வருகிற அத்தனையையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறாள். எந்த வேட்பாளர் கெஞ்சினாலும் ஒரே பதில்தான் போகிறது: "டேரில், நீயா?" அவர்களுக்கு என்ன, கொண்டாட்டம். முன்னைவிடப் பல மடங்கு வந்து கொட்டுகிறது. தேர்தல் முடிந்தால் குறைந்துவிடும் என்று ஆறுதலுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"குறைய வேணாம்டி," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எவ்வளவு வேணா வரட்டும். அவன் மறுபடி எழுதினா, இதுக்குள்ளதான வந்து விழணும்."