வாங்கின விலை

காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பாரம் பார்க்காமல் வசந்தினி கடையை விட்டு வெளியே வந்ததில்லை. மீன்காரர் தராசைப் பிடிக்கும்போது மற்றப் பெண்கள் மீனைப் பார்ப்பார்கள். இவள் அவருடைய விரலைப் பார்ப்பாள். கணவன் கதிராமன் புல்மோட்டை பஸ்ஸில் கொண்டக்டர். பஸ் வழியில் பழுதாகிவிட்டது என்று அவன் பிந்தி வந்து சொன்னால், அடுத்த நாள் டிரைவரின் மனைவியை எங்கேயாவது கண்டு, பேச்சோடு பேச்சாக, "நேற்று உங்கட ஆளும் பிந்தியோ வந்தவர்?" என்று கேட்டு வைப்பாள். கதிராமன் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. "நீர் பொலிசில சேர்ந்திருக்க வேண்டிய ஆள்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவான்.

அந்தக் குணத்தால் அவளுடைய வியாபாரத்துக்கு நன்மைதான். கலியாணத்துக்கு முன்பு நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்தவள். ஆங்கிலமும், கொஞ்சம் ஜெர்மனும், வெள்ளைக்காரர்களின் முகத்தைப் படிக்கிற வித்தையும் அங்கேதான் பிடிபட்டன. திருகோணமலைத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல்கள் வரத் தொடங்கியதும், கப்பல் வரும் நாட்களில், ஆட்கள் இறங்கும் ஜெட்டியின் வாசலுக்கு வெளியே ஒரு மேசை போட்டாள். மரயானை, பனையோலைப் பெட்டி, முகமூடி, சிப்பி பதித்த சின்னக் கண்ணாடிகள். பயணிகளைப் பஸ்ஸில் கோணேசர் கோயிலுக்கும் கோட்டைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பவும் ஜெட்டியில் இறக்கிவிடுவார்கள். பஸ்ஸுக்கும் கப்பலுக்கும் நடுவே அவர்கள் நடந்து போகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வாசலில் வரிசையாக மேசை போட்டவர்களுக்குச் சந்தை.

பிடித்த பொருளை வெள்ளைக்காரர் கடைசியாகத்தான் தொடுவார்கள் என்பது வசந்தினிக்குத் தெரியும். மனைவி யானையைத் தடவிக்கொண்டிருக்கும்போது புருஷன் மணிக்கூட்டைப் பார்த்தால், அவனுக்கு அவசரமில்லை, விலை குறைக்கப் பார்க்கிறான் என்றும் தெரியும். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. வாங்கின விலையைப் போல மூன்று மடங்கு சொல்லுவாள். இழுபறிப்பட்டு இரண்டு மடங்குக்குக் கொடுப்பாள். வாங்கினவரும் வென்றதாக நினைத்துக்கொண்டு போவார்.

பக்கத்து மேசை ஹுஸ்னியாவுடையது. கிண்ணியாக்காரி, வசந்தினியைவிடச் சில வயது மூத்தவள், அக்கா முறையில் ராத்தா என்றுதான் வசந்தினி கூப்பிடுவாள். இடுப்பில் கட்டும் சாரமும் மெழுகுச் சாயப் பத்திக் துணியும் விற்பாள். அவளுக்குப் பேரம் பேச வராது. ஒவ்வொரு துணியிலும் விலையை எழுதி ஒட்டிவிட்டு, குறைக்கச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு இருப்பாள். இரண்டு பேருக்கும் மேலே வெயிலுக்குக் கட்டியது ஒரே தறப்பாள். கண்டிக்குச் சாமான் எடுக்கப் போவதும் ஒரே வான் வண்டியில். ஆகவே வசந்தினியின் சாமான்கள் என்ன விலைக்கு வந்தவை என்பது வீட்டுக்கு வெளியே ஹுஸ்னியா ஒருத்திக்குத்தான் தெரியும்.

இந்த வருடம் தை மாதத்தில் வந்த கப்பலில்தான் வினை தொடங்கியது.

தொப்பி போட்ட ஒரு கிழவர் மரயானையை எடுத்தார். வசந்தினி மூவாயிரம் என்றாள். அவர் சிரித்துவிட்டு, யோசிக்காமல், "ஆயிரம்" என்றார். அந்த யானை அவளுக்குச் சரியாக ஆயிரத்துக்கு வந்தது. அவள் பதில் சொல்லும் முன்பே கிழவர் யானையை வைத்துவிட்டு நடந்தார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தார். அவள் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு பெண் பனையோலைப் பெட்டிக்கு நானூறு தருகிறேன் என்றாள். வாங்கின விலை நானூறு. இன்னொருவன் கண்ணாடியைக் கேட்டான். அதுவும் வாங்கின விலைதான். எல்லோரும் அதே மாதிரிச் சிரித்தார்கள், அதே மாதிரி வைத்துவிட்டு நடந்தார்கள், அதே தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பதற்றத்தில் அன்றைக்கு அவள் பல சாமான்களை ஆதாயமில்லாமல் கொடுத்துவிட்டாள். பெட்டிக்கு நானூறு கேட்ட பெண் அடுத்த மேசையில் ஹுஸ்னியா ஒட்டியிருந்த விலையைக் கொடுத்து ஒரு சாரம் வாங்கிப் போனதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆரோ சொல்லிக் குடுக்கினம்" என்றாள் கதிராமனிடம்.

"அவைக்குப் பேரம் பேசத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீரோ?"

"பேரம் தெரியலாம். என்ர விலை எப்பிடித் தெரியும்?"

அவள் யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று கதிராமனுக்கு விளங்கிவிட்டது. "ஹுஸ்னியா அக்கா அப்பிடிச் செய்யிற ஆளில்லை" என்று மட்டும் சொன்னான். தான் பெயரே சொல்லாதபோது அவன் ஏன் அந்தப் பெயரைச் சொன்னான் என்று வசந்தினி அதையும் யோசித்தாள்.

அடுத்த கப்பல் வந்த அன்று அவள் கண் சாமானில் இல்லை. பயணிகளைக் கூட்டி வருகிற வழிகாட்டி தயா, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே ஹுஸ்னியாவின் மேசைக்குப் பின்பக்கம் போனான். ஹுஸ்னியா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கடதாசியில் சுற்றிய ஒன்றை அவன் கையில் வைத்தாள். அவன் குனிந்து ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். தயா சுற்றியதைப் பைக்குள் போட்டுக்கொண்டு பயணிகளிடம் போய் ஜெர்மன் மொழியில் என்னவோ சொல்லத் தொடங்கினான். தூரத்தில் நின்ற வசந்தினிக்கு எண்கள் மட்டும் காதில் விழுந்தன. அவை விலைகளா, கப்பல் புறப்படும் நேரமா என்று பிடிபடவில்லை.

சோதித்துப் பார்க்க முடிவு செய்தாள்.

அவளிடம் புதிதாக ஒரு முகமூடி இருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கியது. அதன் விலை ஹுஸ்னியாவுக்குத் தெரியாது. உண்மையில் ஆயிரத்துக்கு வந்தது. தேத்தண்ணி குடிக்கும்போது வசந்தினி அதைத் துடைத்துக்கொண்டே, "இது என்னை நல்லா வெட்டிப்போட்டுது ராத்தா. ஆயிரத்தைந்நூறுக்கு வாங்கினனான்" என்றாள்.

ஹுஸ்னியா முகமூடியைத் திருப்பிப் பார்த்தாள். "ஆயிரத்தைந்நூறா?" என்றாள்.

அடுத்த பஸ் வந்தது. ஒரு தம்பதி முகமூடியை எடுத்தார்கள். வசந்தினியின் வாய் பழக்கத்தில் ஆயிரத்தைந்நூறை மூன்றால் பெருக்கி, நாலாயிரத்தைந்நூறு என்றது. புருஷன் சிரித்தான். "ஆயிரத்து ஐந்நூறு" என்றான்.

அந்தப் பொய் விலையை வசந்தினி உலகத்தில் ஒருவருக்குத்தான் சொல்லியிருந்தாள்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்தால் ஹுஸ்னியா மறுப்பாள், மறுத்தால் இவள் நம்ப மாட்டாள், வீணாகச் சனம்தான் கூடும். அதற்கடுத்த கப்பலுக்கு வசந்தினி தனக்கென்று ஒரு தறப்பாள் வாங்கி வந்து, வரிசையின் மற்றத் தொங்கலில், கடைசி மேசைக்கும் அப்பால், மேசையைப் போட்டாள். "இஞ்ச பஸ் கிட்ட நிக்குது" என்று கேட்டவர்களுக்குச் சொன்னாள். ஹுஸ்னியா கேட்கவில்லை. தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு துணிகளை விரிக்கத் தொடங்கினாள். கேட்கவில்லையே, குற்றமுள்ள நெஞ்சு அப்படித்தான் என்று வசந்தினி நினைத்துக்கொண்டாள். கண்டிக்கும் தனியாக பஸ்ஸில் போய் வந்தாள். பாரம் தூக்கித் தோள் வலித்தது. ஆனால் விலை இனி வெளியே போகாது என்ற நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. இடம் மாறியும் வெள்ளைக்காரர் மாறவில்லை. அதே சிரிப்பு, அதே விலை, அதே திரும்பிப் பார்ப்பு. அப்படியென்றால் இங்கேயும் யாரோ வேவு பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் தேத்தண்ணி விற்கிற கனகரத்தினத்தாரையும் அவள் கவனிக்கத் தொடங்கினாள்.

மாசியில் வந்த கப்பலின்போது ஒரு பெண் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கறுத்த, மெலிந்த, முப்பது வயதுப் பெண். பனையோலைப் பெட்டியை எடுத்து, "அக்கா, இது எவ்வளவு?" என்று தமிழிலே கேட்டாள். இந்தியத் தமிழ்.

வசந்தினி அவளை மேலும் கீழும் பார்த்தாள். தமிழ் தெரிந்த ஆளை அனுப்பி உளவு பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஆயிரத்து இருநூறு என்றாள்.

"அக்கா, நான் பயணி இல்ல. கப்பல்ல ரூம் கூட்டிப் பெருக்குற வேல. ஜெசிந்தான்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம். எங்கிட்ட வகுப்பு விலை சொல்லாதீங்க."

"என்ன வகுப்பு?"

"உங்களுக்குத் தெரியாதா?" ஜெசிந்தா சிரித்தாள். "இந்த வருசத்துலேர்ந்து ஒவ்வொரு ஊருக்கும் முந்தின நாள் சாயங்காலம் கப்பல் ஹால்ல எல்லாரையும் உக்கார வச்சு ஒரு அம்மா சொல்லிக் குடுப்பாங்க. கடைக்காரங்க என்ன விலை சொன்னாலும் மூணுல ஒரு பங்கு கேளுங்க. சிரிச்சுக்கிட்டே கேளுங்க. தரலைன்னா வச்சிட்டு நடங்க, கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பாருங்க. புடிச்ச பொருளப் புடிச்சிருக்குன்னு காட்டிக்காதீங்க. நான் அந்த ஹாலத் துடைக்கிறவ. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்."

"இஞ்ச மட்டுமோ?"

"எல்லா ஊர்லயும் இதே பாடந்தான் அக்கா."

வசந்தினி அவளை உடனே நம்பிவிடவில்லை. அந்த அம்மாவின் நிறம் என்ன, வகுப்பு எத்தனை மணிக்கு, யார் யார் போவார்கள் என்று குறுக்கு விசாரணை செய்தாள். ஜெசிந்தா எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள். சந்தேகப்பட இனி எதுவும் கிடைக்காமல் போன பிறகுதான் கணக்கு வசந்தினியின் தலையில் விழுந்தது. அவள் சொல்வது மூன்று மடங்கு. அவர்கள் கேட்பது மூன்றில் ஒரு பங்கு. எந்தப் பொருளானாலும் அது வாங்கின விலையில்தான் போய் நிற்கும். முகமூடியின் பொய் விலையையும் அவளேதான் மூன்றால் பெருக்கி அந்த மனிதனின் வாயில் வைத்தாள்.

பெட்டியை ஜெசிந்தாவுக்கு நானூறுக்கே கொடுத்தாள். ஜெசிந்தா ஏன் என்று கேட்டதற்கு, "கொண்டுபோங்கோ" என்றாள்.

கடைசிப் பயணியும் உள்ளே போன பிறகு, ஹுஸ்னியா துணிகளை மடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள். போகும் வழியில் என்ன சொல்வதென்று எண்ணிக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது.

"ராத்தா, ஒரு கதை கதைக்கோணும்."

"கதைக்க என்ன இரிக்கி புள்ள" என்றாள் ஹுஸ்னியா, நிமிராமல். "நீங்க போன காரணம் எனக்கு விளங்கிற்றுதானே."

"என்ன விளங்கினது?"

"குண்டு வெடிச்ச வருசம் எல்லாரும் எனக்கிட்ட இருந்து மேசையத் தள்ளித் தள்ளிப் போட்டாங்க. நீங்க போகல்ல. அப்ப போகாத ஆள் இப்ப போனா, நான் என்னெண்டு நினைக்கிற? இவட மனசுலயும் அது இருந்திரிக்கி, வெளிய வர இவ்வளவு காலம் பிடிச்சிரிக்கி எண்டுதான் நினைச்சன்."

2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளில் மற்றச் சனம் வாங்கப் பயந்த, வாங்க மறுத்த அந்த மாதங்களை வசந்தினி மறந்தே போயிருந்தாள். மேசையை நகர்த்தாமல் இருந்ததை ஒரு பெரிய காரியமாக அவள் நினைத்ததுமில்லை. ஹுஸ்னியா அதை இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்திருக்கிறாள்.

இல்லை ராத்தா, அந்த இடம் வசதி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஹுஸ்னியா நம்பியிருக்க மாட்டாள். அதைவிட வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். விலை வெளியே போகிறதென்று நினைத்தது, பொறி வைத்தது, அதில் ஹுஸ்னியா விழுந்ததாக நம்பியது, கப்பலில் நடக்கும் வகுப்பு, எல்லாம்.

ஹுஸ்னியா கையிலிருந்த சாரத்தை விரித்து மறுபடியும் மடித்தாள்.

"முகமூடி ஆயிரத்தைந்நூறு எண்டது பொய்யா?"

"ஓம்."

"நான் அண்டைக்கு வீட்ட போய் எங்கட ஆளுக்கிட்டச் சொல்லிக் கவலைப்பட்டன். வசந்தினிய ஆரோ நல்லா ஏமாத்திட்டானுகள், அது ஆயிரத்துக்கு மேல பெறாத சாமான் எண்டு."

வசந்தினி தலையைக் குனிந்தாள். ஆனாலும் குணம் விடவில்லை. மெல்ல, "அப்ப தயாவுக்குச் சுத்திக் குடுத்தது என்ன?" என்றாள்.

ஹுஸ்னியா அவளை உற்றுப் பார்த்தாள். அவளை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "தொதல், நான் வீட்ட கிண்டுற இனிப்பு. அவருக்குச் சீனி வருத்தம், பொண்டாட்டி திங்க விடுறல்ல. எனக்கிட்ட வாங்கி பஸ்ஸுக்குப் பின்னால நிண்டு திங்கிற."

அந்தச் சிரிப்போடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பையைக் கட்டி முடித்த ஹுஸ்னியாவின் முகத்தில் அது மறைந்துவிட்டிருந்தது. "உங்கட குணம் எனக்குத் தெரியும் புள்ள" என்றாள். "ஊரெல்லாம் சந்தேகப்படுவீங்க. அதுக்குள்ள நான் இல்லையெண்டு நினைச்சிரிந்தன்." பையைத் தூக்கிக்கொண்டு கிண்ணியா பஸ்ஸுக்கு நடந்தாள்.

பங்குனிக் கப்பலுக்கு வசந்தினி விடியவே வந்துவிட்டாள். ஹுஸ்னியாவுக்குப் பக்கத்தில் அவளுடைய பழைய இடத்தில் தொப்பி விற்கிற இல்ஹாம் மேசை போட்டிருந்தான். யாரிடமும் கேட்க வாய் வராமல், சாமான் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவள் நின்றாள். ஹுஸ்னியா பார்த்தும் பார்க்காதவள்போலத் தன் வேலையைச் செய்தாள். பஸ் திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இல்ஹாம், மேசையக் கொஞ்சம் அங்கால தள்ளுங்க தம்பி. இவக்கும் இடம் வேணும்."

இல்ஹாம் முணுமுணுத்துக்கொண்டு தள்ளினான். அரை மேசைக்குத்தான் இடம் கிடைத்தது. வசந்தினி யானைகளை நெருக்கி அடுக்கினாள். பயணிகள் வந்துவிட்டார்கள். ஒரு பெண் பெரிய பத்திக் துணியொன்றைக் காட்டி முழுதாக விரித்துக் காட்டச் சொன்னாள். அதை ஒருவர் தனியே விரிக்க ஏலாது.

"அந்தத் தொங்கலப் பிடிங்க புள்ள" என்றாள் ஹுஸ்னியா.

வசந்தினி பிடித்தாள்.